நிறத்தில் கை வைக்காதீர்கள்: திருமணப் படக் கலைஞர்களுக்கும் ஒப்பனைக் கலைஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தம்பிகளுக்கும், ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கும், மணப்பெண் அலங்காரம் செய்யும் தங்கைகளுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். மணப்பெண்ணின் நிறத்தை மாற்றாதீர்கள். பருவை எடுங்கள், வியர்வையை ஒற்றி எடுங்கள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குங்கள். அது உங்கள் கைத்திறன், அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். நிறத்தை மட்டும் அவளுடையதாகவே விட்டுவிடுங்கள். மாப்பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன். ஆனால் மாற்றப்படுவது பெரும்பாலும் பெண்ணின் முகம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு முகம் வரையவும் நிறம் கலக்கவும் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இதைப் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு எழுத வேண்டியதுதானே, எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களுக்கு எழுதியாயிற்று. சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009லேயே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்று இயக்கம் தொடங்கியது. கருப்பாக இருப்பவரை அழகில்லாதவராகவோ சோர்ந்தவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014ல் விதி வகுத்தது. 1975ல் வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ 2020ல் ‘குளோ அண்டு லவ்லி’ என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ‘ஷாதி டாட் காம்’ நிறத்தை வைத்து வரன் வடிகட்டும் வசதியைத் தன் தளத்திலிருந்து எடுத்தது. இவையெல்லாம் நடந்த பிறகும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் காலை முகூர்த்தத்துக்கு வந்து உட்காரும் பெண், அவள் அக்காவுக்கே அடையாளம் தெரியாத நிறத்தில் இருக்கிறாள். கம்பெனி யாருடைய முகத்தையும் நேரில் தொடுவதில்லை. தொடுகிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அண்ணன் மகளின் கல்யாண ஆல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டூடியோவின் பெயர் வேண்டாம். நன்றாகப் படம் எடுத்த பிள்ளைகள்தான். தாலி கட்டும் படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். அதில் அவள் குனிந்திருக்கிறாள். கூப்பிய கைகள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மருதாணிக்கு மேலே, வளையல்கள் முடிகிற இடத்திலிருந்து முழங்கை வரை அவளுடைய சொந்த நிறம், நல்ல தேக்கு மரத்தின் நிறம். முகமோ எலுமிச்சம்பழத் தோலின் வெளிறல். கழுத்தில் மஞ்சள் கயிறு விழும் இடத்தில் இரண்டு நிறமும் சந்திக்கின்றன, ஒரு கோடு போட்ட மாதிரி. பின்னால் நாத்தனார் முடிச்சு போடக் காத்து நிற்கும் பெண்ணின் முகத்தை யாரும் தொடவில்லை. அவள் மட்டும் அந்தப் படத்தில் உயிரோடு இருக்கிறாள்.

என் மருமகளுக்கு அந்த ஆல்பம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள். “ஆல்பத்துல எவ்வளவு லட்சணமா இருக்கா” என்று எல்லாரும் சொன்னார்கள். மாற்றம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. போனில் யார் படம் எடுத்தாலும் வாங்கிப் பார்த்து, “இது வேண்டாம் அத்தை, கருப்பா விழுந்திருக்கு” என்று அழித்துவிடுவாள். அப்புறம் வளைகாப்பு வந்தது, பிள்ளையின் முதல் பிறந்தநாள் வந்தது. ஃபில்டர் போடாத ஒரு படம்கூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. காலேஜில் எடுத்த படங்களில் வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இது ஏன் நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கில்லியன் ரோட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொஞ்சம் உப்ப வைத்த, அல்லது கொஞ்சம் ஒடுக்கிய முகப் படங்களைச் சில நிமிடங்கள் மட்டும் ஆட்களுக்குக் காட்டினார்கள். பிறகு எந்த முகம் இயல்பு, எந்த முகம் அழகு என்று கேட்டால், அவர்களுடைய தீர்ப்பு அந்தத் திரித்த முகங்களின் பக்கம் சாய்ந்திருந்தது. சில நிமிடப் பார்வைக்கே அளவுகோல் நகர்கிறது என்றால், வருடக்கணக்காக வீட்டு மேசையில் கிடக்கும் ஆல்பமும், சுவரில் மாட்டிய பெரிய படமும், நாள் முழுக்க உருட்டும் இன்ஸ்டாகிராமும் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

அமெரிக்காவில் லாரா ஜெர்மைன் குழுவினர் இரட்டையர்களை வைத்து ஆராய்ந்து 2015ல் வெளியிட்டதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உருவொத்த இரட்டையர் 547 ஜோடி, உருவொவ்வாத இரட்டையர் 214 ஜோடி. எல்லாரையும் முகங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ரசனை பிறப்போடு வருவதென்றால் உருவொத்த இரட்டையர்கள் ஒரே மாதிரி மதிப்பெண் போட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒருவர் ரசனை இன்னொருவரிடமிருந்து எங்கெல்லாம் வேறுபட்டதோ, அந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் அவரவர் தனித்தனியாக வாழ்க்கையில் கண்டது என்றே தெரிந்தது. எல்லாமே பழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகங்களைக் கைக்குழந்தைகளும் கூடுதல் நேரம் பார்க்கின்றன என்று 1987லேயே ஜூடித் லாங்லாய் காட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒத்த முகம், நோயில்லாத தோல் ஆகியவற்றின் மேல் எல்லா ஊரிலும் ஓரளவு ஒருமித்த விருப்பம் இருக்கிறது. அதற்கு மேலே ஊரும் காலமும் எழுதுவதுதான் மீதி. வெளுப்பு அந்த மீதியில் வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் ஆச்சியின் காதில் பார்த்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு நான் சொல்லாமலே புரியும். பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, குணுக்கு என்ற ஈய வளையத்தை மாட்டி, காதுமடல் தோளைத் தொடும்வரை இழுத்து வளர்த்தார்கள். பிறகு அதில் பாம்படம் என்ற கனத்த காதணி தொங்கும். மதுரை, தேனிப் பக்கம் தண்டட்டி. என் ஆச்சி நடக்கும்போது பாம்படம் முன்னும் பின்னும் ஆடும். பேச்சில் கோபம் வந்து தலையைத் திருப்பினால் கன்னத்தில் தட்டும். பெண் பார்க்கப் போனவர்கள் காதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். காது வளராதவளை ‘மூளிக்காதி’ என்று ஏசினார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே தாய்மார்கள் பிள்ளை கத்தக் கத்தக் குணுக்கு மாட்டினார்கள்.

அதே ஆச்சியின் மகள், என் பெரிய அத்தை, கல்யாணத்துக்கு முன்னால் டாக்டரிடம் போய்க் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். நீண்ட காதோடு டவுனில் நடந்தால் பட்டிக்காடு என்று சிரிப்பார்களாம். மூளிக்காது என்று பயந்த வீட்டில், வளர்ந்த காது வெட்கமாகிவிட்டது. ஒரே வீடு, ஒரே இரத்தம். நடுவில் ஒரே ஒரு தலைமுறைதான். தையல் போட்ட தழும்பை அத்தை சாகும்வரை கம்மலால் மறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் வலியைத் தாங்கினார்கள், இரண்டு பேரும் அழகுக்காகவே தாங்கினார்கள். எது அழகு என்பதை இரண்டு பேரும் முடிவு செய்யவில்லை.

நிறத்திலும் இந்த மாதிரிப் புரட்டல் நம்மிடம் நடந்திருக்கிறது. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் பாடும் பெண், தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தன் காதலனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று வருந்துகிறாள். மாந்தளிரின் பளபளத்த செம்பழுப்புதான் அவள் இழக்கும் அழகு. அதைத் தின்ன வருவது வெளிறல். திருக்குறளில் அந்த வெளிறலின் துயரத்துக்கே ஓர் அதிகாரம் இருக்கிறது. வெளுத்துப் போவதை நோயாகப் பார்த்த பாட்டு மரபு நம்முடையது. அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் வெள்ளையை விரும்புவது தமிழர் இரத்தத்தில் ஊறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அஜந்தாச் சுவர்களில் கருநிறப் பெண்களை முழு அலங்காரத்தோடு, அரண்மனை அழகிகளாகவே வரைந்திருக்கிறார்கள். 1894ல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கி வண்ணப் படங்கள் வீடு வீடாகப் போனபோதும், பிறகு கோவில்பட்டி ஓவியர்களின் சாமி படங்கள் சிவகாசி காலண்டர்களாக வந்தபோதும், லட்சுமியும் சரஸ்வதியும் ரோஜா நிறத்தில் நம் சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஓவியர்களை நான் வணங்குகிறேன், அவர்களைப் பார்த்தே தூரிகை பிடித்தேன். இருந்தாலும் என் வகுப்பில் ஒரு குழந்தைகூட அம்மனைப் பழுப்பில் வரைந்ததில்லை. மீனாட்சிக்குப் பச்சை கொடுப்பார்கள், கிருஷ்ணனுக்கு நீலம் கொடுப்பார்கள், தங்கள் கையின் நிறத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

ஐரோப்பாவில் இது தலைகீழாக நடந்தது. உழவர்கள் வெயிலில் நின்ற காலத்தில் வெளிறிய முகம் அங்கே சீமாட்டியின் அடையாளம். தொழிலாளர்கள் ஆலைக்குள் போனதும், காசுள்ளவர்கள் கடற்கரைக்குப் போனதும், 1920களிலிருந்து வெயிலில் பழுத்த தோல் நாகரிகமாகிவிட்டது. இன்றைக்கு அங்கே தோலைப் பழுப்பாக்கப் புற ஊதா விளக்குப் படுக்கையில் படுக்கிறார்கள். அது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009ல் உறுதியாகச் சொன்ன பிறகும் படுக்கிறார்கள். நம் பெண்களின் இயற்கை நிறத்துக்காக அங்கே காசு கொடுத்து நோய் வாங்குகிறார்கள். அந்த நிறத்தைப் போக்க இங்கே காசு கொடுக்கிறோம்.

உங்கள் தொழிலின் வரலாற்றிலும் இந்தச் சாய்வு இருக்கிறது, அது உங்கள் குற்றமில்லை. கோடக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ பற்றிப் பழைய ஆட்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. உலகத்தில் பல நாட்டு லேபுகள் பல ஆண்டுகள் அவள் முகத்தை வைத்துத்தான் நிறம் திருத்தின. பழுப்பு நிறத்தின் நுணுக்கங்களை ஃபிலிம் சரியாகப் பிடிக்கவில்லை என்று சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் புகார் சொன்ன பிறகே அந்தக் கம்பெனி காதுகொடுத்தது. கருத்த மனிதர்கள் கேட்டு அது நடக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு வலிக்கிறது. இப்போது உங்கள் கையில் இருக்கும் கேமராவுக்கு அந்தக் குறை பெரும்பாலும் இல்லை. கறுத்த தோலில் விழும் வெளிச்சத்தின் ஒவ்வொரு படியையும் அது பிடித்துக் கொடுக்கிறது. பிடித்ததை அழிக்கிறவர்கள் நாமாக இருக்க வேண்டாம்.

“பார்ட்டி கேக்குறாங்கக்கா, நாங்க என்ன செய்ய?” என்பீர்கள். கேட்கிறார்கள், மறுக்கவில்லை. பெண்ணின் அம்மாவே உங்கள் காதருகில் வந்து “கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்கோங்க” என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகளைப் பார்க்க வந்த வீட்டார் என்னென்ன பேசினார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் கேட்பதற்கு முன்னால் எதைப் பார்த்தாள்? உங்கள் கடை வாசலில் இருக்கும் பலகையையும், நீங்கள் போனில் காட்டிய மாதிரிப் படங்களையும் பார்த்தாள். அதில் ஒரு மாநிறப் பெண்கூட அவள் நிறத்திலேயே இல்லை. இருந்தால் அவள் வேறு மாதிரி கேட்டிருப்பாள். தவிர, கேட்காத வீட்டுக்கும் வெளுப்பு போய்ச் சேருகிறதே? ஆல்பம் டிசைனர், முன்கூட்டியே அமைத்து வைத்த ஒரே நிறத் திருத்தத்தை, அதாவது பிரீசெட்டை, எல்லாப் படத்துக்கும் தட்டிவிடுகிறார். ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றி, அழுத்தத்தை இறக்கினால் எல்லார் தோலும் ஒரே வெளிறலுக்கு வந்துவிடுகிறது. அதைக் கேட்டது யாரும் இல்லை.

இனி என் தொழில் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

பிள்ளைகள் க்ரேயான் டப்பாவில் ‘ஸ்கின் கலர்’ எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சி. நான் அதை எடுத்து வைத்துவிட்டு, இடது கையைத் தாளின் மேல் வைக்கச் சொல்வேன். பர்ன்ட் சியன்னாவை எடு, கொஞ்சம் யெல்லோ ஓக்கர் சேர், ஒரு துளி அல்ட்ராமரின் நீலம் விடு, கையோடு ஒத்துப் பார். முதலில் சேறு மாதிரி வரும். மறுபடி கலக்கச் சொல்வேன். ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு பிள்ளை கத்தும், “டீச்சர், முட்டி கிட்ட ஊதா இருக்கு!” இருக்கிறது. கருத்த தோலில் வானத்தைப் பார்த்த மேடுகளில் நீலம் படியும், கன்னத்தின் பழுப்புக்குள் செம்பு ஓடும், தாடைக்குக் கீழே பச்சை நிழல் நிற்கும். பட்டுப்புடவையின் சிவப்பு தாடைக்குக் கீழ்ப்பக்கம் ஏறி வரும். ஓவியனுக்கு இதைவிட வளமான பரப்பு கிடைக்காது. அதை வெளுத்துவிட்டால் புடவைக்கும் தோலுக்கும் நடக்கும் இந்தப் பேச்செல்லாம் நின்றுபோகிறது. நகைக்கடைக்காரர்கள் தங்கத்தை அடர்ந்த வெல்வெட்டின் மேல் பரப்பிக் காட்டும் காரணத்தையும் நினைத்துப் பாருங்கள்.

படம் எடுக்கும் தம்பிகளே, கேமரா தானாக அளக்கும்போது வெள்ளை வேட்டியும் பளபளக்கும் மேடைச் சுவரும் அதை ஏமாற்றிவிடும். மணப்பெண்ணின் முகம் இருண்டு விழும். இருண்ட முகத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் வெளுக்கிறீர்கள். எடுக்கும்போதே அவள் கன்னத்தில் அளவு வைத்து, மென்மையான பெரிய வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுங்கள். தோலின் மினுக்கம் தெரியட்டும், அதுதான் கருத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது. நல்ல வெளிச்சம் கொடுப்பது வேறு, வெளுப்பது வேறு. முன்னதை எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அலங்காரம் செய்யும் தங்கைகளே, ஃபவுண்டேஷன் ஷேடை மணிக்கட்டில் பார்க்காதீர்கள், கன்னம் கழுத்தோடு சேரும் தாடை ஓரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு ஷேடு தூக்கிப் போட்டால் முகூர்த்தம் முடிந்து வியர்க்கும்போது சாம்பல் பூத்துவிடும். உங்கள் பெட்டியில் கருத்த ஷேடுகள் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 2017ல் ரிஹானாவின் ‘ஃபென்ட்டி’ நிறுவனம் 40 ஷேடுகளோடு வந்தபோது கருத்தவைதான் கடைகளில் முதலில் தீர்ந்தன. வாங்க ஆள் இருக்கிறார்கள், விற்க மனசு வராமல்தான் இத்தனை காலம் போனது.

கல்யாணத்துக்கு முந்தைய ‘வெள்ளையாக்கும்’ பேக்கேஜை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். நிறமி உண்டாவதை அது தடுக்கும், தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குப் பிறகு தயாரிக்கவோ நாடுவிட்டு நாடு விற்கவோ கூடாது என்று மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது. லேபிளில் தயாரித்தவர் முகவரியும் உள்ளே கலந்தவற்றின் பட்டியலும் இல்லாத டப்பா உங்கள் பார்லரில் இருந்தால் அதை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். வெள்ளையாக்க என்று போடும் குளுட்டாதயோன் ஊசியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊசி போடுவது பார்லர் வேலை கிடையாது.

உங்கள் மாவட்டச் சங்கங்களில் இதைப் பேசுங்கள். பெண் வீட்டார் எழுதிக் கேட்டாலொழிய நிறத்தைத் தொட மாட்டோம் என்று ஒரு தீர்மானம் போடலாம். அப்படிக் கேட்டாலும் தொடாத படங்களை ஒரு பென் டிரைவில் சேர்த்துக் கொடுக்கலாம், பிற்காலத்தில் அவள் மகள் தன் அம்மா எப்படி இருந்தாள் என்று தேடுவாள். கடைப் பலகையில் இந்த ஆவணி முகூர்த்தத்துக்குள் ஒரு மாநிறப் பெண்ணையும், ஒரு நல்ல கருத்த பெண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் நிறத்திலேயே வையுங்கள்.

தோல் நிறம் கலப்பது பற்றி வகுப்பு எடுக்க நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். சாயமும் தட்டும் நானே கொண்டுவருவேன். பகல் வெளிச்சம் வரும் ஓர் அறையும், நீங்கள் முடித்துக் கொடுத்த ஓர் ஆல்பமும் மட்டும் வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருத்தி
தென்காசி மாவட்டம்